துறை துறையாய்ச் சென்ற திருத்தூதர்



நம் பங்கின் பொன்விழா மலருக்கு நம் பாதுகாவலராகிய புனித சின்னப்பரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி விழாக் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். முதலில் தயங்கினோம். அவர் எழுதிய திருமுகங்களை ஞாயிறுதோறும் பீடத்தருகே நின்று கேட்கிறீர்கள். அவற்றின் பொருளைப் பற்றிப் பெரியோர் எழுதிய நூல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நாம் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறோம்? ஆகவே அவர் சொன்னவற்றை விட்டுவிட்டு, அவர் சென்ற வழியை மட்டும் சொல்வது என்று தீர்மானித்தோம். அதிலும் அவர் நடந்த சாலைகளை விட்டு, அவர் ஏறிய கப்பல்களையும் இறங்கிய துறைகளையும் சொல்லப் போகிறோம்.

பழைய மொழிபெயர்ப்பில் அவர் சின்னப்பர். புதிய மொழிபெயர்ப்பில் பவுல். இலத்தீன் மொழியில் பவுலுஸ் என்றால் சிறியவர் என்று பொருள். நம் முன்னோர் அதைச் சின்னப்பர் என்று அழகாகத் தமிழாக்கினர். நாமும் அப்பெயராலேயே அவரை அழைப்போம்.

தர்சு நகரத்து மகன்

இன்று துருக்கி என்று வழங்கும் நாட்டின் தென்கரையில் சிலிசியா என்னும் பகுதி இருக்கிறது. அதன் தலைநகர் தர்சு. கடலிலிருந்து சில மைல் உள்ளே, ஆற்றங்கரையில் அமைந்த வாணிபப் பட்டணம் அது. அங்கே யூதக் குடும்பத்தில் பிறந்தவர் சின்னப்பர். பிறப்பிலேயே உரோமைக் குடியுரிமை பெற்றவர். கூடாரம் செய்வது அவர் கைத்தொழில். சிலிசியாவின் வெள்ளாட்டு மயிரில் நெய்த முரட்டுத் துணி அக்காலத்தில் பெயர் பெற்றது. துறைமுக நகரங்களில் ஊசியும் நூலும் உள்ளவனுக்கு வேலைக்குக் குறைவில்லை. பிற்காலத்தில் எந்தப் பட்டணத்தில் இறங்கினாலும் பிறர் கையை எதிர்பாராமல் தம் உணவைத் தாமே தேடிக்கொள்ள இத்தொழில் அவருக்கு உதவிற்று.

யெருசலேமில் கமாலியேல் என்னும் ஆசிரியரிடம் திருச்சட்டம் பயின்றார். முடியப்பரைக் கல்லால் எறிந்தவர்கள் தங்கள் மேலாடைகளை இவர் காலடியில் வைத்தனர். கிறிஸ்தவர்களைப் பிடித்து வரத் தமஸ்கு நகருக்குப் போகும் வழியில் ஆண்டவர் அவரைத் தடுத்து ஆட்கொண்டார். பின்னர் அந்நகரிலிருந்தே இரவில் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கப்பட்டுத் தப்பினார். இவை நீங்கள் நன்கு அறிந்தவை. நாம் கடற்கரைக்குச் செல்வோம்.

முதற் கப்பல்

அந்தியோக்கியாவின் துறைமுகமாகிய செலூக்கியாவில் சின்னப்பரும் பர்னபாவும் கப்பல் ஏறினர். முதலில் எங்கே போவது? மேற்கே தெரிந்த சைப்ரஸ் தீவுக்கு. காரணம் எளிது: பர்னபா அந்தத் தீவுக்காரர். முன்பின் தெரியாத ஊருக்குப் பாய் விரிக்குமுன், வரவேற்க ஆள் இருக்கும் துறையை முதல் துறையாகக் கொண்டனர். கிழக்குக் கரையில் சலமீனாவில் இறங்கி, தீவு முழுவதும் கடந்து, மேற்குக் கரையில் பாப்போ வரை சென்றனர். அங்கே தீவின் ஆளுநர் செர்ஜியு பவுல் விசுவாசம் கொண்டார். பின்னர் பாப்போவிலிருந்து வடக்கே கப்பலேறிப் பம்பிலியாவின் பெர்கே நகர் சேர்ந்தனர். உடன் வந்த இளைஞரான மாற்கு அங்கிருந்தே திரும்பிப் போய்விட்டார். அடுத்த பயணத்தில் அவரைச் சேர்த்துக்கொள்வதா இல்லையா என்பதில் இரு புனிதர்களுக்கும் மனத்தாங்கல் வந்து பிரிந்தனர் என்பதைத் திருநூல் மறைக்கவில்லை. பங்கின் குழுக்களில் மனத்தாங்கல் வரும்போது நாம் இதை நினைத்துக்கொள்வோம்.

இரண்டாம் பயணத்தில் துரோவா என்னும் துறையில் நின்றபோது, கடலுக்கு அப்பாலிருந்த மக்கெதோனியாவிலிருந்து உதவிக்கு அழைக்கும் ஒருவரைக் காட்சியில் கண்டார். உடனே கப்பல் பிடித்தார். முதல் நாள் சமோத்திராக்கே தீவு; மறுநாள் நெயாப்பொலி. இரண்டே நாளில் கடந்தாயிற்று. சில ஆண்டுகளுக்குப் பின் அதே கடலை எதிர்த்திசையில் கடக்க அவருக்கு ஐந்து நாள் பிடித்தது. கடல் அதுவே, தூரமும் அதுவே. காற்று மட்டும் வேறு. கடலில் தூரத்தை மைல்கணக்கில் அளப்பதில் பயனில்லை என்பதை அவர் இப்படித்தான் கற்றார்.

இன்னொன்றையும் கற்றார். கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், தாம் மூன்று முறை கப்பற் சேதத்தில் அகப்பட்டதையும், ஓர் இரவும் பகலும் ஆழ்கடலில் கிடந்ததையும் அவரே குறிப்பிடுகிறார். நாம் எல்லோரும் அறிந்த மால்தா கப்பற் சேதம் அம்மூன்றில் சேராது. அது பின்னர் நடந்தது. அக்கப்பலில் அவர் ஏறியபோது, ஏற்கனவே மூன்று முறை கடலிடம் தோற்று எழுந்த மனிதராக ஏறினார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீவு தீவாக

கி.பி. 57-ஐ ஒட்டிய ஆண்டில், இளவேனிற்காலத்தில், அவர் மேற்கொண்ட ஒரு பயணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். யெருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகப் பல சபைகளில் காணிக்கை திரட்டியிருந்தார். அப்பணத்தை ஒப்படைக்கப் போக வேண்டும். கொரிந்துப் பக்கத்திலிருந்து நேரே சீரியாவுக்குக் கப்பல் ஏறுவது அவர் திட்டம். ஆனால் ஏறும் வேளையில் தம்மை ஒழிக்கச் சதி நடப்பதாகத் தெரியவந்தது. உடனே திட்டத்தை மாற்றித் தரைவழியாக வடக்கே மக்கெதோனியாவைச் சுற்றி வந்தார். பாஸ்கா நாட்களைப் பிலிப்பியில் கழித்தார். பெந்தெகொஸ்தே திருநாளுக்குள் யெருசலேம் சேர வேண்டும் என்பது அவர் ஆசை.

நாட்களை எண்ணிப் பாருங்கள். பாஸ்காவுக்கும் பெந்தெகொஸ்தேவுக்கும் இடையே ஐம்பது நாள். திருநாள் நாட்கள் பிலிப்பியில் கழிந்தன. துரோவா வரக் கடலில் ஐந்து நாள். அங்கே தங்கியது ஏழு நாள். ஆக இருபது நாள் போய்விட்டது. மீதி முப்பது நாளில் தீவுகளுக்கிடையே நுழைந்து, பெருங்கடலைக் கடந்து, கரையேறி, மலையும் ஏற வேண்டும்.

துரோவாவில் கடைசி இரவு நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தார். யூத்திகு என்னும் இளைஞன் தூக்கக் கலக்கத்தில் மூன்றாம் மாடிச் சன்னலிலிருந்து விழுந்ததும், சின்னப்பர் இறங்கி அவனை அணைத்து உயிரோடு கொடுத்ததும் அன்றிரவுதான். நீண்ட பிரசங்கம் செய்யும் குருக்களுக்கு இது ஓர் எச்சரிக்கை என்று எங்கள் குருமடத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. விடிந்ததும் தோழர்களைக் கப்பலில் அனுப்பிவிட்டு, தாம் மட்டும் அசோ நகர் வரை தரைவழியே சென்றார். கப்பல் ஒரு முனையைச் சுற்றி வர வேண்டும், தரைவழி குறுக்குவழி. ஏன் தனியே சென்றார் என்று திருநூல் சொல்லவில்லை. ஓயாமல் மக்களிடையே இருப்பவனுக்கு ஒரு பொழுது தனிமை தேவைப்படும் என்பதை நாம் அறிவோம்.

அசோவில் அவரை ஏற்றிக்கொண்டு கப்பல் லெஸ்போ தீவின் மித்திலேனே துறைக்கு வந்தது. மறுநாள் கீயு தீவுக்கு எதிரே. அதற்கு மறுநாள் சாமு தீவு. அடுத்த நாள் மிலேத்து. இது கரையோரக் கப்பல். பகலில் பாய் விரிக்கும். இருட்டுமுன் ஒரு துறையிலோ தீவின் மறைவிலோ நங்கூரம் போடும். பாறைகளும் தீவுகளும் நிறைந்த கடலில் இரவில் ஓடுவது அறிவீனம். அக்கடலில் வெயில் காலத்தில் வடக்கிலிருந்து வாடைக்காற்று வீசும். தெற்கே போகிறவனுக்கு அது வரம். வடக்கே போகிறவனுக்குச் சாபம்.

வழியில் எபேசு இருந்தது. அங்கே சின்னப்பர் ஏறத்தாழ மூன்று ஆண்டு உழைத்திருந்தார். இறங்கினால் ஒவ்வொரு வீட்டிலும் அழைப்பார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு துயரம் இருக்கும், நாட்கள் ஓடிவிடும். ஆகவே மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு எபேசுவைக் கடந்து போனார். ஆனால் மறந்து போகவில்லை. மிலேத்துவில் கப்பல் நின்றபோது ஆள் அனுப்பி எபேசு சபையின் மூப்பர்களை அங்கே வரவழைத்தார். கடற்கரைப் பட்டணத்தில் அவர்களோடு முழந்தாளிட்டுச் செபித்தார். இனி அவர் முகத்தைக் காண முடியாது என்று அறிந்து அவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதனர். கப்பல் வரை வந்து வழியனுப்பினர். ஒரு குருவானவர் பங்கு மாறிப் போகும் நாளைக் கண்ட நீங்கள் இதை எளிதில் புரிந்துகொள்வீர்கள்.

பிறகு கோசு தீவு. மறுநாள் ரோது தீவு. அதன்பின் கரையில் பத்தாரா. அங்கே கரையோரக் கப்பலை விட்டுவிட்டு, பெனீசியாவுக்கு நேரே போகும் வேறு கப்பலில் ஏறினார். துறை துறையாய் நின்று போவதில் காலம் போகும். பெருங்கடலைத் துணிந்து கடந்தால் காலம் மிஞ்சும். தீவுகளிடையே நின்று நின்று போனவர், அகன்ற கடல் வந்ததும் நிற்காமல் போனார். சைப்ரஸ் தீவு இடப்புறம் தெரிந்து மறைந்தது. தீர் பட்டணத்தில் கப்பல் சரக்கை இறக்கியது. மிஞ்சிய நாட்களில் ஏழு நாள் அங்கிருந்த சீடர்களோடு தங்கினார். புறப்படும்போது மனைவி மக்களோடு எல்லோரும் ஊருக்கு வெளியே வந்து கடற்கரை மணலில் முழந்தாளிட்டனர். பின்னர் பித்தொலமாயியில் ஒரு நாள், அதன்பின் செசரேயா. அங்கிருந்து யெருசலேம்.

கைதியின் கப்பல்

யெருசலேமில் கோவிலருகே கலகம் எழுந்தது. சின்னப்பர் கைதானார். செசரேயாவில் ஆளுநர் பெலிக்ஸ் காலத்தில் இரண்டு ஆண்டு காவலில் கிடந்தார். அடுத்து வந்த ஆளுநர் பெஸ்துவின் முன்னிலையில், உரோமைக் குடிமகன் என்ற உரிமையால், பேரரசரிடமே தம் வழக்கை எடுத்துச் சென்றார். உரோமாபுரி போக வேண்டும் என்ற அவரது நெடுநாளைய ஆசை நிறைவேறப் போகிறது. ஆனால் இம்முறை பயணத்தைத் திட்டமிடுகிறவர் அவர் அல்லர்.

யூலியு என்னும் நூற்றுவர் தலைவரிடம் கைதிகள் ஒப்படைக்கப்பட்டனர். அது கி.பி. 59 அல்லது 60-ம் ஆண்டு, கோடையின் கடைசி. லூக்காஸும் மக்கெதோனியராகிய அரிஸ்தார்க்குவும் உடன் சென்றனர். இந்தப் பகுதியில் லூக்காஸ் நாங்கள் என்றே எழுதிக்கொண்டு போகிறார். அவரும் அக்கப்பலில் நனைந்தவர், அஞ்சியவர்.

மறுநாளே சீதோன் துறை. நல்ல மனத்தினரான யூலியு, சின்னப்பர் தம் நண்பர்களிடம் சென்று வேண்டிய உதவி பெற அனுமதித்தார். பின்னர் எதிர்க்காற்று. கோடையில் அக்கடலில் மேல்காற்றே மிகுதி. ஆகவே நேரே மேற்கே போகாமல், சைப்ரஸ் தீவைக் காற்றுக்கு மறைவாக வைத்துக்கொண்டு, வடக்கே ஏறி, சிலிசியா, பம்பிலியா கரையோரமாகச் சென்றனர். அங்கே மேற்கு நோக்கிய நீரோட்டமும், இரவில் தரையிலிருந்து வீசும் காற்றும் கப்பலுக்கு உதவும். சிலிசியா என்றோமே, அது யாருடைய ஊர்? சிறுவயதில் பார்த்த மலைகள் வலப்புறம் தெரிய, சின்னப்பர் கைதியாக அதைக் கடந்து போனார். லூக்காஸ் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நாமும் நிற்காமல் செல்வோம்.

மீரா துறையில் கப்பல் மாறினர். நான்காம் நூற்றாண்டில் புனித நிக்கொலாஸ் ஆயராக விளங்கிய அதே மீரா. அலெக்சாந்திரியாவிலிருந்து இத்தாலிக்குக் கோதுமை ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல் அங்கே நின்றது. எகிப்தின் கோதுமைதான் உரோமாபுரியின் உணவு. மேல்காற்று நேர்வழியைத் தடுப்பதால், எகிப்துக் கப்பல்கள் முதலில் வடக்கே ஏறி, பிறகு கரையைப் பிடித்து மேற்கே போகும். பல நாள் மெதுவாக ஊர்ந்து, கினீதுவுக்கு எதிரே வருவதற்கே படாத பாடு பட்டனர். அதற்கு மேல் காற்று விடவில்லை. தெற்கே திரும்பி, கிரேத்துத் தீவின் கிழக்கு முனையாகிய சல்மோனேயைச் சுற்றி, தீவின் தென்கரையில் ஒதுங்கினர். அங்கே நல்ல துறை என்று பெயர் பெற்ற ஓர் இடத்தில் நங்கூரம் போட்டனர். இன்றும் அவ்விடத்துக்கு அதே பெயர்தான்.

நல்ல துறையில் நடந்த ஆலோசனை

நோன்பு நாளும் கழிந்துவிட்டது என்று லூக்காஸ் எழுதுகிறார். யூதர்களின் பாவக் கழுவாய் நாளை அவர் குறிப்பிடுகிறார். அது செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். அக்காலக் கடலோடிகளின் வழக்கம் இது: செப்டம்பர் நடுப்பகுதிக்குப் பின் கடல் ஐயத்துக்குரியது, நவம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச்சு வரை கடல் மூடிக்கிடக்கும். திசைகாட்டும் கருவி இல்லாத காலம். பகலில் சூரியனும் இரவில் விண்மீனுமே வழிகாட்டி. மேகம் மூடினால் வழி போயிற்று.

இனிச் செய்ய வேண்டியது என்ன? ஆலோசனை நடந்தது. சின்னப்பர் எழுந்து, இங்கேயே தங்கிவிடுவது மேல், புறப்பட்டால் சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டுமன்றி உயிருக்கும் கேடு வரும் என்று எச்சரித்தார். கப்பல் ஓட்டியும் கப்பல் முதலாளியும் வேறு கருத்துக் கொண்டனர். அந்தத் துறை குளிர்காலம் கழிக்க வசதியற்றது. மேற்கே சுமார் 40 கடல் மைல் போனால் பெனிக்ஸ் என்னும் நல்ல துறைமுகம் உண்டு. ஒரு நாள் ஓட்டம்தானே என்றனர். அவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. கோதுமையைக் கொண்டு சேர்க்க வேண்டிய அவசரமும் இருந்தது. பேரரசர் கிளவுதியு, குளிர்காலப் புயலில் தானிய வணிகருக்கு நேரும் நஷ்டத்தை அரசே ஏற்கும் என்று ஏற்பாடு செய்திருந்தார் என்றால், அக்காலத்துத் தேவையை உணரலாம். பெரும்பான்மையோர் புறப்படுவதே சரி என்றனர். நூற்றுவர் தலைவர் கைதியின் பேச்சை விட்டு, தொழில் தெரிந்தவர்களின் பேச்சைக் கேட்டார். யாராயினும் அப்படித்தான் செய்திருப்பர்.

இங்கே நம்மைப் பற்றிய ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றியபோது கோவில் கூடத்துக்குக் கான்கிரீட் தளம் போட ஏற்பாடு செய்தோம். ஐப்பசி மாதம். திருவிழாவுக்குள் முடித்துவிட வேண்டும் என்று நமக்கு அவசரம். மணல் சுமக்க வந்த ஒரு வயதான அம்மா, சாமி, எறும்பு மேலே ஏறுது, நாலு நாள் பொறுத்துப் போடுங்க என்றார். மேஸ்திரி சிரித்தார். குழுவினர் கைதூக்கினர். நாமும் பெரும்பான்மையோடு சேர்ந்துகொண்டோம். அன்றிரவே மழை கொட்டியது. சிமெண்டு எல்லாம் கரைந்து ஓடியது. தளத்தை இடித்து மறுபடி போட வேண்டியதாயிற்று. ஏழைகள் கொடுத்த காணிக்கையில் எவ்வளவு வீணாயிற்று என்பதை எழுத இன்றும் நமக்கு வெட்கமாக இருக்கிறது. மறுநாள் காலை கூடையோடு முதலில் வந்து நின்றவர் அந்த அம்மாதான். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திருத்தூதர் பணி நூலின் 27-ம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் அந்த அம்மாவின் முகம் நம் கண்முன் வருகிறது.

பதினான்கு இரவுகள்

மெல்லிய தென்றல் வீசிற்று. நினைத்தது கைகூடியது என்று மகிழ்ந்து நங்கூரம் தூக்கினர். கரையை ஒட்டியே ஓடினர். சிறு படகைக்கூட மேலே ஏற்றாமல் பின்னால் கட்டி இழுத்துச் சென்றனர். சில மைல் போனதும் ஒரு முனை வரும். அதைத் தாண்டினால் கரை வடக்கே ஒதுங்கிவிடும். மறைவு போய்விடும். அப்போது கிரேத்துவின் மலைகளிலிருந்து வடகிழக்குப் புயல் பாய்ந்து இறங்கியது. காற்றை எதிர்த்து நிற்க முடியாமல் கப்பலை அதன் போக்கில் விட்டனர்.

கவுதா என்னும் சிறு தீவின் மறைவில் சற்று மூச்சுவிட இடம் கிடைத்தது. அதற்குள் சிறு படகை அரும்பாடுபட்டு மேலே ஏற்றினர். பலகைகள் பிளந்துபோகாதபடி கப்பலைச் சுற்றி வடம் போட்டு இறுக்கினர். தெற்கே ஆப்பிரிக்கக் கரையோரம் சீர்த்தி என்னும் மணல்திட்டுகள் இருந்தன. அவற்றில் மாட்டிக்கொள்ளாமலிருக்கப் பாயைத் தாழ்த்தினர். மறுநாள் சரக்கில் ஒரு பகுதி கடலுக்குப் போயிற்று. மூன்றாம் நாள் கப்பலின் தளவாடங்கள். பல நாள் சூரியனும் இல்லை, விண்மீனும் இல்லை. பிழைப்போம் என்ற நம்பிக்கை அற்றுப்போயிற்று. யாரும் உணவு கொள்ளவில்லை.

அப்போது கைதி எழுந்து நின்றார். என் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று சொல்லத்தான் சொன்னார், புனிதரும் மனிதரே. ஆனால் அதோடு உட்கார்ந்துவிடவில்லை. தாம் வணங்கும் கடவுளின் தூதர் அன்றிரவு தம்மருகே நின்றதைச் சொல்லி, கப்பல் போகும், உயிர் ஒன்றும் போகாது என்று தேற்றினார். தம் சொல்லைத் தள்ளியவர்களுக்காகவே அவர் செபித்திருக்கிறார். அவர்கள் உயிரையே கடவுளிடமிருந்து பெற்றிருக்கிறார்.

பதினான்காம் இரவு. நள்ளிரவில் கரை நெருங்குவதாக மாலுமிகளுக்குத் தோன்றியது. குண்டு விட்டு ஆழம் பார்த்தனர். இருபது பாகம். சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தனர். பதினைந்து பாகம். பாறையில் மோதாதிருக்கப் பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரம் இறக்கி, எப்போது விடியும் என்று காத்திருந்தனர். முன்புறத்திலும் நங்கூரம் போடப் போவதுபோல் நடித்து, மாலுமிகள் சிறு படகில் தப்பிக்கப் பார்த்தனர். சின்னப்பர் அதைக் கண்டு நூற்றுவர் தலைவரிடம் சொன்னார். இம்முறை அவர் பேச்சு எடுபட்டது. படைவீரர் கயிற்றை வெட்டிப் படகை விட்டுவிட்டனர்.

விடியுமுன் சின்னப்பர் எல்லோரையும் உண்ணச் சொன்னார். தாமே அப்பம் எடுத்து, எல்லோர் முன்னிலையிலும் கடவுளுக்கு நன்றி கூறி, பிட்டு உண்டார். மற்றவர்களும் மனம் தேறி உண்டனர். கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். லூக்காஸ் எண்ணிக்கையைச் சொல்லும் இடம் இதுதான்: எல்லோரும் சேர்ந்து உண்ட இடம். கைதி, காவலன், முதலாளி, மாலுமி என்ற வேறுபாடு அந்த வேளையில் இல்லை.

விடிந்ததும் மணற்பாங்கான ஒரு குடா தெரிந்தது. நங்கூரங்களை வெட்டிவிட்டு, சுக்கான் கட்டுகளை அவிழ்த்து, முன்பாயை விரித்துக் கரை நோக்கி ஓட்டினர். இருபுறமும் கடல் சூழ்ந்த திட்டில் கப்பலின் முகப்பு புதைந்தது. பின்புறம் அலையில் உடைந்தது. கைதிகள் தப்பாதிருக்க அவர்களைக் கொன்றுவிடப் படைவீரர் எண்ணினர். சின்னப்பரைக் காப்பாற்ற விரும்பிய யூலியு தடுத்தார். நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதித்தனர். மற்றவர்கள் பலகைகளிலும் கப்பலின் உடைந்த துண்டுகளிலும் தொற்றிக் கரை சேர்ந்தனர். 276 பேரில் ஒருவரும் குறையவில்லை.

ஜேம்ஸ் ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர், தாமே பாய்க்கப்பல் ஓட்டியவர், இந்த வரலாற்றைக் கடலோடியின் கண்கொண்டு ஆராய்ந்து 1848-ல் ஒரு நூல் வெளியிட்டார். கவுதாவிலிருந்து மால்தா வரை ஏறத்தாழ 480 கடல் மைல். அத்தகைய புயலில் அத்தகைய கப்பல் மணிக்கு ஒன்றரை மைல் வீதம் அடித்துச் செல்லப்படும் என்று கணக்கிட்டால், பதின்மூன்று நாள் சொச்சம் வருகிறது. லூக்காஸின் பதினான்காம் இரவுக்கு அது பொருந்துகிறது.

மால்தா முதல் உரோமாபுரி வரை

அந்தத் தீவு மால்தா. மழையும் குளிருமாயிருந்தது. முன்பின் அறியாத தீவு மக்கள் நெருப்பு மூட்டி எல்லோரையும் வரவேற்றனர். சின்னப்பரும் சுள்ளி பொறுக்கினார். அதிலிருந்த விரியன் பாம்பு கையைக் கவ்வ, அதை நெருப்பில் உதறினார். தீவின் தலைவரான புப்லியுவின் தந்தை காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் வருந்திக் கிடந்தார். சின்னப்பர் செபித்துக் கைவைத்துக் குணமாக்கினார். மூன்று மாதம் அங்கே தங்கினர். எந்தத் திட்டத்திலும் இல்லாத துறை அது. ஆயினும் அம்மக்கள் இன்றும் பிப்ரவரி 10-ம் நாளை அக்கப்பற் சேதத்தின் திருநாளாகக் கொண்டாடுகின்றனர்.

கடல் திறந்ததும், அத்தீவில் குளிர்காலத்தைக் கழித்த வேறொரு அலெக்சாந்திரியாக் கப்பலில் ஏறினர். சிசிலித் தீவின் சிராக்கூசாவில் மூன்று நாள். பின்னர் ரேகியு. ஒரு நாள் கழித்துத் தென்றல் எழுந்தது. முன்பு ஏமாற்றிய அதே தென்றல் இம்முறை இரண்டே நாளில் புத்தெயோலியில் கொண்டுசேர்த்தது. அங்கே விசுவாசிகள் ஏழு நாள் தங்களோடு தங்கச் செய்தனர். உரோமாபுரிச் சகோதரர் செய்தி கேட்டு அப்பியு சந்தை வரையிலும் மூன்று விடுதி வரையிலும் எதிர்கொண்டு வந்தனர். நகரிலிருந்து அவை முறையே சுமார் 65, 50 கிலோமீட்டர். அவர்களைக் கண்டதும் சின்னப்பர் கடவுளுக்கு நன்றி கூறித் துணிவு கொண்டார் என்கிறார் லூக்காஸ். புயலில் 276 பேருக்குத் துணிவு தந்தவருக்கும், சாலையோரம் வந்து நின்ற சிலருடைய முகம் தேவைப்பட்டது.

இரண்டு ஆண்டு வாடகை வீட்டில் காவலில் இருந்தபடியே போதித்தார். பின்னர், நீரோ மன்னன் காலத்தில் வாளால் வெட்டுண்டு வேதசாட்சியானார் என்பது திருச்சபையின் மரபு. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் முடிவில் இரண்டு சிறு விண்ணப்பங்கள் உள்ளன: துரோவாவில் விட்டுவந்த போர்வையைக் கொண்டுவர வேண்டும், குளிர்காலத்துக்கு முன் வந்துவிட வேண்டும். சிறையில் இருந்தவர் தம் குளிரை மட்டும் நினைத்து இதை எழுதியிருக்க மாட்டார். கடல் மூடிவிட்டால் மகன் போன்றவன் வர முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

ஓஸ்தியா சாலையில், மதிலுக்கு வெளியே, அவர் கல்லறைமீது பெருங்கோவில் எழுந்து நிற்கிறது. 2009 ஜூன் மாதம், அக்கல்லறைப் பேழைக்குள்ளிருந்து எடுத்த சிறு எலும்புத் துண்டுகள் முதலாம் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஆய்வில் தெரியவந்ததைத் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் அறிவித்தார்.

நமக்கு

அன்பர்களே, நம் பங்கு ஐம்பது ஆண்டு ஓடி வந்திருக்கிறது. மலரின் மற்றப் பக்கங்களில் கட்டடங்களும் கணக்குகளும் பெயர்களும் உள்ளன. அவை வேண்டியவைதான். ஆனால் சின்னப்பரின் கடல்வழியைத் திரும்பப் பார்க்கும்போது நமக்குத் தெரிவது வேறு. அவர் போட்ட திட்டங்களில் பல மாறின. சதியால் மாறின, காற்றால் மாறின, பிறருடைய பிடிவாதத்தால் மாறின. மாறாதிருந்தது ஒன்றுதான்: எந்தத் துறையில் இறங்கினாலும் அங்கே அவருக்கு ஒரு வீடு இருந்தது, அல்லது அவர் அதை உண்டாக்கினார். சீதோன், தீர், மால்தா, புத்தெயோலி என்று கதவு திறந்தவர்களில் பெரும்பாலோருடைய பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் இல்லையேல் அவர் உரோமாபுரி சேர்ந்திருக்க மாட்டார்.

பங்கு என்பது அப்படிப்பட்ட ஒரு துறை. இங்கே ஒதுங்குகிறவர் நனைந்து வருவார்; சில வேளை நம் சொல்லைக் கேளாமல் போய்ச் சேதப்பட்டு வருவார். நெருப்பு மூட்டி வைப்பது நம் கடமை. அதுபோலவே, ஆலோசனைக் கூட்டத்தில் மூலையில் நிற்கும் எளியவர் வாய் திறந்தால் சற்றுப் பொறுத்துக் கேட்பதும் நம் கடமை. நாம் பட்ட பிறகு கற்றோம். நீங்கள் படாமல் கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்று முறை கடலிடம் தோற்றும் நான்காம் முறை கப்பலேறிய நம் பாதுகாவலர் நம் பங்கின் ஒவ்வொரு குடும்பத்துக்காகவும் பரிந்து பேசுவாராக. எல்லோரையும், ஒருவர் குறையாமல், ஆண்டவர் கரை சேர்ப்பாராக.

கிறிஸ்துவில் அன்புள்ள,
உங்கள் பங்குத்தந்தை